கூரையில் தங்கிய சிரிப்பு

கப்பலேறிப் பிழைக்க வந்த நாட்டுக்குச் சுதந்திரம் கிடைக்க ஒரு மாதம் இருக்கும்போது, காஜா பெராங் பேட்டையில் கலியாணசுந்தரத்தின் கூரைக்கடியில் வெள்ளைக்காரர்களின் சிரிப்பு வந்து குடியேறியது. அந்த வாரம் மீன் விலையும் ஏறியிருந்தது. ஜனங்கள் இரண்டையும் சேர்த்தே பேசினார்கள்.

வினை அவனே தேடிக்கொண்டதுதான். பண்டார் ஹிலிரில் துரைமார் கிளப்பில், ஊரை விட்டுப் போகுமுன் ஒரு பாட்டு நாடகம் போட்டார்கள். இருநூறு வருஷத்துக்கு முன் லண்டனில் ஆடிய வகை. திருடனும் மந்திரியும் ஒரே கூட்டம்தான் என்று நையாண்டி செய்வது. எல்லோருக்கும் தெரிந்த மெட்டில் கேலி வார்த்தையைப் போடுவதே அதன் வழக்கம். நாளைக்கு மந்திரியாகப் போகிற உள்ளூர்க்காரர்களைக் கிண்டல் செய்ய உள்ளூர் மெட்டு ஒன்று வேண்டுமென்றார்கள். இங்கிலீஷும் குரலும் உள்ள, கணக்கெழுதும் கிராணி கலியாணசுந்தரத்துக்குத் தலைகால் புரியவில்லை. காதிலேயே கிடந்த ஒன்றை எடுத்துக்கொண்டான். காய்ச்சலில் போன மகளுக்காக அவன் மனைவி பூங்காவனம் வைத்த ஒப்பாரி அது. ஆண்பிள்ளைகள் ஒப்பாரியை வாயில் எடுப்பதே கிடையாது. இந்த மகராசன் மேடையில் எடுத்தான். கிளப் குலுங்கியது. புருஷன் பாடுவதைப் பார்க்க ஆசையாய் வந்து சமையல்கட்டு வாசலில் நின்ற பூங்காவனத்துக்கு இங்கிலீஷ் தெரியாது. மெட்டு தெரியும்.

“எம்புள்ளைக்கு அழுத மெட்டுங்க அது,” என்றாள் வீட்டுக்கு வந்ததும். அதற்குள் சிரிப்பு பின்னாலேயே வந்து கூரையில் ஏறிவிட்டிருந்தது.

மற்ற நேரத்தில் சும்மா கிடக்கும். அவள் மகளை நினைத்து ஒப்பாரி தொடங்கினால் போதும், கூரை முழுக்கக் கொக்கரிக்கும். பாதியில் வாயைப் பொத்திக்கொள்வாள். பெற்ற பிள்ளைக்கு அழக்கூட முடியாமல் அவள் மெலிந்துகொண்டே போனாள். பார்த்துப் பார்த்து அவன் கூனிக் குறுகினான். பூசாரி சாம்பிராணி போட்டார். சிரிப்பு இருமிவிட்டு மறுபடியும் சிரித்தது. கிளப்பில் போய்க் கேட்கலாமென்றால் சிரித்தவர்கள் கப்பலேறியிருந்தார்கள். சிரிப்புக்கு மட்டும் டிக்கெட் எடுக்கவில்லை போலும்.

மகளின் திதியன்றும் அது தொடங்கியபோது அவனுக்குப் பொறுக்கவில்லை. “சிரிக்கணும்னா என்னப் பாத்துச் சிரி! அவள விட்டுடு!” என்று கூரையைப் பார்த்துக் கத்தினான். விறுவிறுவென்று தெருவில் இறங்கி, கிளப்பில் பாடிய அதே இங்கிலீஷ் வரிகளை அதே மெட்டில் பாடினான். சிரிப்பு கூரையிலிருந்து சரிந்து வந்து அவனைச் சூழ்ந்துகொண்டது. தெருவே வேடிக்கை பார்த்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. வீட்டுக்குள் நிசப்தம். பிறகு பூங்காவனத்தின் குரல் எழுந்தது, முதல் அடியிலிருந்து.

அதற்குப் பிறகு கூரைக்குத் தகரம் மாறியது, அவனுக்குத் தலை நரைத்தது. திதி வந்தால் நடுத்தெருவில் நின்று பாடுவான், தலையைக் குனிந்தபடி. அண்டை வீட்டுத் தம்பிராஜா சைக்கிளை நகர்த்தி இடம் விட்டு, “ஓரமா நில்லு லா, லோரி வருது,” என்பார். உள்ளே அவள் அழுது முடித்துக் கதவைத் திறக்கும்வரை அவன் நிறுத்துவதில்லை.