வெள்ளைப் பட்டை

கூட்டம் நடக்கும்போது கைபேசியைப் பார்க்கிறவர்களை அவளுக்குப் பிடிக்காது. ஆனால் இன்று அவளே மேசைக்கடியில் அதை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். இதே மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் அவள் கணவர் பித்தப்பை அறுவைக்காகக் காத்திருந்தார். துணைக்கு நாத்தனார் இருந்தாள்.

கைபேசி அதிர்ந்தது. நாத்தனார் ஒரு படம் அனுப்பியிருந்தாள். முதுகில் நாடா கட்டிய பச்சை அங்கியில், ஏதோ பரிசு வாங்கப் போகிறவர் போல அத்தனை பல்லையும் காட்டிக்கொண்டு, கணவர் கையை உயர்த்தியிருந்தார். படத்துக்குக் கீழே, "அண்ணி, அண்ணன் நர்ஸுக்கு கிளட்ச் மிதிக்கக் கத்துக் குடுக்குறாரு. சீக்கிரம் மயக்க மருந்து குடுக்கச் சொல்லுங்க" என்று எழுதியிருந்தாள்.

சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றது.

உயர்த்திய மணிக்கட்டில் ஒரு பட்டை. வெள்ளைப் பட்டை.

ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சிவப்புப் பட்டை கட்டுவார்கள். அவருக்குப் பெனிசிலின் ஆகாது. பல வருடங்களுக்கு முன்பு பல் வீக்கத்துக்கு யாரோ போட்ட ஊசியில் கழுத்து பானை மாதிரி வீங்கி, உதடு நீலமாகி, அவள்தான் காரை ஓட்டிக்கொண்டு இதே மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தாள். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவர். பின்சீட்டில் மூச்சு திணறிக்கொண்டிருந்தபோதும் அவர் கை "கியரை மாத்து" என்று சாடை காட்டியதாம். வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவள் மட்டும் அதற்கு முழுதாகச் சிரித்ததே இல்லை.

பட்டையை இப்போது யாரும் கையால் எழுதுவதில்லை. புதிய கணினி முறைதான் நோயாளியின் பதிவைப் பார்த்து, அதற்கேற்ற நிறத்தில் அச்சடிக்கிறது. பழைய முறையை இந்த வாரம்தான் மூடினார்கள். மூடலாம் என்று ஒப்புதல் கொடுத்தது அவள்.

அவள் இந்த அரசு மருத்துவமனையின் ஊழியர் இல்லை. வங்கியின் கணினிப் பிரிவில் பல காலம் இருந்துவிட்டு, இங்கே நிர்வாகப் பொறுப்பு இல்லாத இயக்குநராக வந்தவள். மாதம் ஒருமுறை கூட்டம். டிஜிட்டல் குழுவுக்குத் தலைமை. கேள்வி கேட்கலாம், ஒப்புதல் கொடுக்கலாம், மறுக்கலாம். வேலையில் கை வைக்கக் கூடாது. இந்தப் பதவியைப் பற்றி வீட்டில் விளக்கியபோது கணவர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சிரித்தார். "அட, என் வேலைதாம்மா உனக்கும். ஸ்டியரிங் பக்கத்து சீட்டுக்காரன் கையில. நமக்கு ஒரு பிரேக் மட்டும்."

திரையில் அறிக்கை ஓடிக்கொண்டிருந்தது. எல்லாக் கட்டமும் பச்சை. 'விவரம் இல்லாத பதிவுகள்: பூஜ்யம்.'

"ஒரு நிமிஷம்," என்றாள். தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "இந்தப் பூஜ்யம் எப்படி வந்துச்சு?"

டிஜிட்டல் பிரிவின் தலைமை அதிகாரி பேனாவை மூடினார். "ஒத்துக்காத மருந்துங்கற கட்டம் நிறைய பேருக்குக் காலியா இருந்துச்சு மேடம். எல்லாத்தையும் நிரப்பிட்டோம்."

"என்னன்னு நிரப்புனீங்க?"

அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். பக்கத்திலிருந்தவர் தண்ணீர் குடித்தார்.

"'இல்லை'ன்னு மேடம்."

"காலியா இருந்தா கேட்கலன்னு அர்த்தம். இல்லன்னா, டாக்டர் குறிப்புல வேற எங்கயோ எழுதியிருக்காருன்னு அர்த்தம். ஒத்துக்காத மருந்தே இல்லன்னு எப்படி ஆகும்?"

"போன ரெண்டு கூட்டமாவே நீங்க கேட்டீங்களே மேடம், இவ்வளவு சிவப்பு எதுக்கு, எப்ப போகும்னு. கட்டம் காலியா இருந்தா சிவப்பாத்தான் காட்டும்." அவர் குத்திக்காட்டவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

கேட்டது அவள்தான். சிவப்பு மறைந்ததும் இதே மேசையில் கைதட்டிப் பாராட்டியதும் அவள்தான்.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்த சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. நடந்துகொண்டே நாத்தனாரை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. லிஃப்ட் ஏதோ ஒரு மாடியில் நின்றுகொண்டு வர மறுத்தது. படிக்கட்டில் இறங்கினாள். கைப்பிடிக் கம்பி உள்ளங்கை வியர்வையில் வழுக்கியது. இயக்குநர்கள் முன்கூட்டிச் சொல்லாமல் வார்டுக்குப் போகக் கூடாது என்று ஒரு விதி உண்டு. அதை எழுதிய குழுவிலும் அவள் இருந்தாள்.

இரண்டாம் மாடியில் கணவரின் கட்டில் இருந்த இடம் காலியாக இருந்தது. தரையில் சக்கரத் தடம். நாத்தனார் அவருடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"வாங்க அண்ணி. இப்பதான் உள்ள தள்ளிட்டுப் போனாங்க. போனை அணைக்கச் சொன்னாங்க... என்ன, ஏன் இப்படி நிக்குறீங்க?"

அறுவை அரங்கின் கதவை இரண்டு கையாலும் தட்டினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பச்சை உடைகள் நிதானமாக நடமாடின. உள்ளே யாருக்கும் எந்தக் குறையும் தெரியாது. திரையில் 'இல்லை' என்று இருக்கிறது. பட்டை வெள்ளையாக இருக்கிறது. ஊசி போடுகிறவர் ஏன் தயங்கப் போகிறார்? தொண்டை அடைத்தால் இந்த முறை கணவர் கையால் சாடைகூடக் காட்ட முடியாது. மயக்கத்தில் இருப்பார்.

கதவு திறந்தது. மயக்க மருந்து மருத்துவர் முகக்கவசத்தை இறக்கினார். "யாரும்மா நீங்க?"

"அவருக்குப் பெனிசிலின்... அவருக்கு ஆகாது..."

"பித்தப்பைக்காரரா? அதான் அவரே சொல்லிட்டாரே! ஊசியை எடுத்ததும், இது என்ன மருந்து, எந்தக் கம்பெனி, என்ன மைலேஜ் குடுக்கும்னு ஆரம்பிச்சுட்டாரு. பேரைச் சொன்னேன், கட்டில்ல இருந்து எந்திரிச்சுட்டாரு. வேற மருந்து வரணும். சாயங்காலம் வெச்சுக்கலாம்." அவர் குரல் இறங்கியது. "ஆனா எங்க திரையில இல்லைன்னுதாம்மா இருந்துச்சு."

அவள் சுவரில் சாய்ந்தாள். நாத்தனார் செருப்போடு சேர்த்து அவளைப் பிடித்துக்கொண்டாள்.

கட்டில் திரும்பி வந்தது. கணவர் அதில் சாய்ந்து உட்கார்ந்து, வெற்றிகரமாக ஓட்டுநர் உரிமம் வாங்கியவர் போல வந்தார். அவள் அவர் கையைப் பிடித்தாள். விடவில்லை.

"என்னம்மா, கூட்டத்தைப் பாதியில விட்டுட்டா வந்தே? நான் வாயாடின்னு திட்டுவியே, இனிமே திட்டுவியா?"

"மாட்டேங்க."

"எழுதிக் குடு. தங்கச்சி சாட்சி."

"நான் சாட்சி சொல்ல மாட்டேன்," என்றாள் நாத்தனார். "நாளைக்கே என்னையும் பேசியே கொல்லுவாரு."

அவர் சிரிக்கப் போனவர், பக்கத்துக் கட்டிலைப் பார்த்துக் குரலைத் தணித்தார். விபத்தில் அடிபட்டு நினைவில்லாமல் கிடந்த மனிதர். பக்கத்தில் ஆளில்லை. பையிலிருந்த அட்டையை வைத்துப் பெயர் கண்டுபிடித்துப் பதிவை எடுத்திருந்தார்கள். கையில் ஏதோ மருந்து சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருந்தது. மணிக்கட்டில் வெள்ளைப் பட்டை.

"எனக்கு வாய் இருந்துச்சு, தப்பிச்சேன்," என்றார் அவர் மெதுவாக. "இவருக்கு?"

கைபேசி அடித்தது. மருத்துவமனையின் வாரியத் தலைவர்.

"உங்க வீட்டுக்காரர் நல்லா இருக்காராமே. நல்லவேளை. பாக்கியை அடுத்த கூட்டத்துல பேசிக்கலாம். நாளைக்குப் புது கணினி முறைக்குத் தொடக்க விழா, அழைப்பிதழெல்லாம் போயாச்சு."

அவள் பக்கத்துக் கட்டிலின் வெள்ளைப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கட்டடத்தில் இன்னும் எத்தனை கைகளில் இந்த வெள்ளை இருக்கும்? எத்தனை பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள்?

"முடியாது சார். என் குழு குடுத்த ஒப்புதலை இப்பவே திரும்ப வாங்கிக்கறேன். பட்டை அச்சடிக்கறதை நிறுத்தச் சொல்லுங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் மறுபடி கேட்டு, டாக்டரோட பழைய குறிப்பையும் பார்க்கட்டும். அதுவரைக்கும் திரையை யாரும் நம்ப வேண்டாம்."

"காரணம்னு என்ன எழுதறது? உங்க பேரும் சேர்ந்துதானே கெடும்?"

"சிவப்பு போகணும்னு நான் கேட்டேன், போச்சுன்னு எழுதுங்க. கையெழுத்து நான் போடறேன்."

"சரி, சொல்றேன்," என்று வைத்துவிட்டார் தலைவர்.

கட்டில் விளிம்பில் கணவரின் பாதம், பிரேக்கை அழுத்துவது போல, ஒருமுறை அழுந்தி எழுந்தது.

கொஞ்ச நேரத்தில் வார்டு முழுக்க ஒரே கேள்வி கேட்கத் தொடங்கியது. செவிலியர்கள் பேனாவோடு கட்டில் கட்டிலாக வந்தார்கள். கணவர் தன் கதையைப் பின்சீட்டிலிருந்து ஆரம்பித்து முழுவதும் சொன்னார். செவிலியர் பொறுமையாகக் கேட்டு, சிவப்புப் பட்டை கட்டிவிட்டுப் பக்கத்துக் கட்டிலுக்குப் போனார்.

"ஐயா, உங்களுக்கு ஏதாவது மருந்து ஒத்துக்காதா?"

பதில் இல்லை. செவிலியர் தோளைத் தொட்டு மறுபடி கேட்டார். பிறகு வெள்ளைப் பட்டையை வெட்டி எடுத்துவிட்டு, புதுப் பட்டையில் 'தெரியாது' என்று பெரிதாக எழுதினார். அவள் அறிக்கையிலிருந்து துரத்தியடித்தது அதைத்தான்.

"சிஸ்டர், அந்த மருந்து எப்ப ஏத்துனது?" என்று கேட்டாள்.

"இப்ப கொஞ்ச நேரம் முன்னாடி மேடம்." செவிலியர் சட்டென்று குழாயின் சக்கரத்தை உருட்டி நிறுத்தினார். சொட்டு நின்றது. "டாக்டரைக் கூப்பிடறேன். நீங்க இவரைப் பார்த்துக்கிட்டே இருங்க."

அவள் நாற்காலியை இரண்டு கட்டிலுக்கும் நடுவில் இழுத்துப் போட்டாள். ஒரு கை கணவரின் கையில் இருந்தது. கண் அந்த முன்பின் தெரியாத மனிதரின் கழுத்தில் இருந்தது. அங்கே தோல் லேசாகச் சிவந்திருப்பது போலவும் இருந்தது, வெளிச்சம் அப்படி விழுவது போலவும் இருந்தது.