அறுபத்திரண்டாவது கடிதம்

அப்பாவின் தாடையைச் சேர்த்துக் கட்டிய மாதேஸ்வரி, முடிச்சு உறுத்துகிறதோ என்று தொட்டுப் பார்த்தாள். செத்தவருக்கு என்ன உறுத்தப் போகிறது? ஆனாலும் கொஞ்சம் தளர்த்தி மறுபடி கட்டினாள். அப்போதுதான் போன் அடித்தது. பெங்களூரிலிருந்து பிரியதர்ஷினி.

கடல் கடந்து போனவர்களின் கடிதங்களைச் சேர்த்து வைக்கும் காப்பகத்தில் வேலை பார்க்கிற பெண். எல்லப்பன் சித்தப்பா மலேயா ரப்பர் தோட்டத்திலிருந்து அப்பாவுக்கு எழுதிய அறுபத்தோரு கடிதங்களையும், இந்த மத்திகிரி வாடகை வீட்டுக்கே வந்து ஒவ்வொன்றாகப் படம் பிடித்துப் போனவள். எண்பத்து நாலாம் வருஷத்தோடு கடிதம் நின்றுபோனது. "அவன் எழுதட்டும், அப்பறம் நான் எழுதறேன்" என்று அப்பா வீம்பு பிடித்தார். அந்த வீம்பு நாற்பது வருஷம் தாங்கியது. படுக்கையில் விழுந்த பிறகுதான் கரைந்தது. யாராவது கதவைத் தட்டினால் போதும், "எல்லப்பன் கடுதாசியா பாரும்மா" என்பார். சாவதற்குள் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தையாவது அவர் காதில் போட்டுவிட வேண்டும் என்று மாதேஸ்வரி தினமும் பிரியதர்ஷினியை நச்சரித்தாள்.

"அக்கா, சித்தப்பாவப் பத்தித் தகவல் கெடச்சிருக்கு. கொஞ்சம் வெளிய வாங்களேன். அப்பா காதுல விழ வேணாம்."

"இனிமே விழாதும்மா. காலைல போயிட்டாரு."

"ஐயோ அக்கா... நான் அப்பறமா பேசறேன்."

"பரவால்ல, சொல்லும்மா. சித்தப்பா ஏன் எழுதல?"

"எண்பத்து நாலு மே மாசமே பாம்பு கடிச்சு இறந்துட்டாருக்கா. தோட்டத்து கிளார்க் உங்க ஊருக்குக் கடிதம் போட்டிருக்காரு. அதோட கார்பன் காப்பி பினாங்குல கெடச்சிருக்கு. உங்களுக்கு வரலியா?"

மாதேஸ்வரி போனை இறக்கினாள். அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா மாரம்மாவிடம் சொன்னாள். "சித்தப்பா அப்பவே செத்துட்டாராம்மா. கடுதாசி போட்டாங்களாம்."

மாரம்மா நிமிரவில்லை. "வந்துச்சு" என்றாள்.

"என்னம்மா சொல்ற?"

"உங்கப்பனுக்கு டைபாய்டு. பொழைப்பாரோ மாட்டாரோன்னு கெடந்தாரு. எதிர்வூட்டு வாத்தியார்தான் படிச்சிச் சொன்னாரு. சாவுக் கடுதாசிய ஊட்ல வெக்கக்கூடாதில்ல? அங்கயே கிழிச்சி சாக்கடையில போட்டுட்டேன். ஒடம்பு தேறட்டும், சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

"தேறி நாப்பது வருசமாச்சேம்மா!"

"மொத நாளு சொல்லல. அப்பறம் எந்த நாளு சொல்றது?"

மாதேஸ்வரிக்கு ஆத்திரமாக வந்தது. தம்பி மறந்துவிட்டான், பணம் வந்ததும் கண்ணை மறைத்துவிட்டது என்று அப்பா எத்தனை முறை திட்டியிருப்பார். அத்தனை முறையும் அம்மா பக்கத்தில் நின்று சோறு போட்டிருக்கிறாள். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வாயெடுத்தவளுக்கு அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அழுகைதான் வந்தது.

மூன்று மணிக்குப் பங்காளிகள் அப்பாவைத் தூக்கி வாசல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். எண்ணெய் சீயக்காய் வைத்து, ஆளுக்கொரு சொம்பு தண்ணீர் ஊற்றினார்கள். மாரம்மாவும் ஊற்றினாள்.

"போதும், தொடைங்கப்பா" என்றார் பெரிய பங்காளி ரத்தினவேல்.

"இருய்யா. இன்னொரு சொம்பு குடு மாதேசு."

"நீதான் ஊத்திட்டியேம்மா."

"அது நான் ஊத்தனது. தம்பி செத்த சேதிக்கு இந்த மனுசன் தல முழுவவே இல்ல."

பங்காளிகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாதேஸ்வரி சொம்பை நிரப்பிக் கொடுத்தாள். அம்மா அதைத் தூக்கும்போது அடியில் தன் கையையும் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள்.

தண்ணீர் அப்பாவின் தலையிலிருந்து இறங்கி, வாசல் சிமெண்டில் ஓடி, தெருவில் ஷிப்டுக்கு ஆள் ஏற்ற நின்றிருந்த கம்பெனி வேனின் டயர் வரைக்கும் போனது.