சங்கின் மேல் பிளாஸ்திரி

சங்கின் வாய் முதலில் தெரிகிறது, பிறகு அதன் வயிறு, கண்ணாடிக் கிண்ணத்து அசிட்டோனில் கறுத்த பசை நூல் நூலாகப் பிரிந்து மிதக்க, அடியில் சங்கு பொறித்த திருவிதாங்கூர் வெள்ளி அரை ரூபாய் மெல்லக் கண் விழிக்கிறது, தேய்க்காதே, தேய்க்காதே என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன், ஊறத்தான் விட வேண்டும், துணியால் ஒரு இழுப்பு இழுத்தாலும் கீறல் விழுந்துவிடும், எல்லாம் அண்ணன் சொன்னது, விளிம்பப் பிடிச்சுத் தூக்குளா, மூஞ்சியில கை வைக்காத, காசு சேர்க்கிற அத்தனை பேருக்கும் புத்தி சொன்ன என் பிரமநாயகம் அண்ணன், நாணயத்தில் எவனாவது செலோடேப் ஒட்டிக் கொண்டுவந்தால் கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்த அண்ணன், தன் மேசை இழுப்பறையில் இந்த ஒன்றை மட்டும் ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரி சுற்றி ஏன் அப்படியே வைத்திருந்தான், கேட்கலாம் என்றால் பேச்சில்லை, பக்கவாதம் வலப்பக்கத்தையும் நாக்கையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது, இடது கைவிரல் இரண்டைச் சேர்த்து வட்டம் காட்டுகிறான், வடையா என்கிறாள் மதினி, மாத்திரையா என்கிறாள் நர்ஸ், தலை இல்லை இல்லை என்று தலையணையில் உருளுகிறது, வட்டத்தைக் காட்டிவிட்டு என்னைக் காட்டுகிறான், நான்தான் கண்டுபிடித்தேன், காசக் கேக்கான் மதினி, மேசைச் சாவியத் தாங்க.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் உள்ளே விடுவார்கள், அதற்குள் முடித்துவிட வேண்டும், இந்தக் கோலத்தில் கொண்டுபோய்க் கொடுத்தால் அவன் மனசு என்ன பாடுபடும், சுத்தமாகக் கொடுத்தால் ஒருவேளை சிரிப்பான், சிரித்தால் பிழைத்துக்கொள்வான் என்று எனக்குள் ஒரு கிறுக்குக் கணக்கு, புதுப் பாத்திரத்து ஸ்டிக்கருக்குத் தடவுவதுபோல் முதலில் தேங்காயெண்ணெய் தடவினேன், அசையவில்லை, மகளின் நகப்பூச்சு அழிக்கிற தண்ணீரை எடுத்தேன், அதில் சாயமும் வாசனையும், வேண்டாம் என்று வைத்துவிட்டு ஹார்டுவேர் கடைக்கு ஓடினேன், நனைந்த பிளாஸ்திரியின் ஓரம் இப்போது தானாகத் தூக்குகிறது, உள்ளிருந்து ஒரு மருந்து வாடை, அந்த வாடைக்குள் நான் பத்து வயதாகப் படுத்திருக்கிறேன், பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் சுவரும் மஞ்சள், என் நகமும் மஞ்சள், அம்மா மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து, திருச்செந்தூர் முருகா, பிள்ள பொழச்சா ஒன் உண்டியல்ல போடுதேன், அதுவரைக்கும் இந்த முடிச்ச அவுக்க மாட்டேன் என்று அழுகிறாள், கறுப்புச் சட்டைக்காரன் அண்ணன் சிரிக்கிறான், சில்லறை குடுத்தா மஞ்சக்காமால எறங்கிருமோ, கீழாநெல்லி அரச்சுக் குடுங்க, அம்மா தலையில் அடித்துக்கொண்டு வெளியே போகிறாள், அப்புறம் அவன் நர்ஸின் கத்தரிக்கோலால் எதையோ நறுக்குகிறான், முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ சுற்றுகிறான், என்னண்ணே செய்யுத, ஒண்ணுமில்ல, கண்ண மூடு, மூடினேனா, காய்ச்சலில் கண்ட கனவா அது, கண்ணைத் திறந்தால் கிண்ணமும் சங்கும், ஒற்றி எடுத்த பஞ்சில் மஞ்சளாக ஒரு கறை, பழைய பசை மஞ்சளாகத்தான் இருக்கும் என்று பஞ்சைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்படச் சேலையை மாற்றுகிறேன்.

இந்தா பாருண்ணே, எப்படி ஆக்கிட்டேன் பாரு என்று விளிம்பைப் பிடித்து அவன் கண்முன் காட்டுகிறேன், அவன் சிரிக்கவில்லை, காசைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான், முகத்தில் அன்றைக்கு முடிச்சுப் போட்ட அம்மாவின் பயம், ஏன், ஏன் பிரி, என்று நாக்கு குழறுகிறது, விழுந்த நாளிலிருந்து அவன் பேசிய முதல் பேச்சு, இடது கை என் நெற்றியைத் தொடுகிறது, கன்னத்தைத் தொடுகிறது, எனக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பவனைப்போல, அடிப்பாவி, பிரிச்சிட்டியா என்று மதினி மாரில் கை வைக்கிறாள், அது ஒனக்கு நேந்து வச்ச காசுல்லா, நீ காமாலையில கெடந்தப்ப இவியளே மஞ்சத் தடவிச் சுத்தி வச்சதாம், வீட்டுல ஒரு சாமி படம் மாட்ட விடாத மனுசன், உண்டியல்ல கொண்டுபோய்ப் போடவும் கொள்கை விடல, பிரிக்கவும் மனசு வரல, பிரிச்சா தங்கச்சிக்கு ஆகாதுன்னு, ஒருக்க நான் தொட்டதுக்கு என்னா சத்தம் போட்டாவ, நான் கையிலிருக்கும் காசைப் பார்க்கிறேன், இவ்வளவு வருடமும் நான் நடந்ததும் பிள்ளை பெற்றதும் இவனோடு சண்டை போட்டதும் இந்தப் பிளாஸ்திரிக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது, வட்டம் காட்டி என்னைக் காட்டியது கொண்டுவா என்றல்ல, பத்திரம் என்று, கூறுகெட்டவள் நான் அசிட்டோன் வாங்க ஓடினேன், பாவி, பாவி அண்ணே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

நர்ஸம்மா, கொஞ்சம் பிளாஸ்திரி தாங்க, காயமாம்மா என்கிறாள், ஆமா என்கிறேன், மதினி குங்குமச் சிமிழோடு வைத்திருந்த மஞ்சளை எடுத்து நீட்டுகிறாள், தடவுகிறேன், எனக்கொண்ணும் ஆகாதுண்ணே, இது இப்ப ஒனக்கு, நீ எந்திரிச்சுத் திட்டுத வரைக்கும் அவுக்கமாட்டேன், சங்கின் வயிறு முதலில் மறைகிறது, பிறகு அதன் வாய், ஓரம் ஒட்டாமல் மடங்குகிறது, அவன் இடது கை போர்வையிலிருந்து மெல்ல எழுந்து வருகிறது, காசின் மூஞ்சியில் யாரையும் கை வைக்க விடாத என் அண்ணன், கட்டைவிரலை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டே இருக்கிறான்.