சாக்குப் போர்த்திய கதவு

வண்டிகள் மாட்டுப் பண்ணையின் கதவுக்கு வெளியே வரிசையாக நின்றன. முதல் டொயோட்டாவின் பின்பகுதியில் மேவிஸின் அண்ணன் பெட்டிக்குள் இருந்தார். வெயில் ஏற ஏற முல்கா மரங்களின் நிழல் அடிமரத்தை நோக்கிச் சுருங்கிக்கொண்டிருந்தது. துக்கத்துக்காக நெற்றியிலும் கைகளிலும் வெள்ளை மண் பூசிய பெண்கள் வண்டிகளுக்குள்ளேயே அமர்ந்திருந்தார்கள். மேவிஸ் மட்டும் இறங்கி, கதவின் சங்கிலியைப் பிடித்தபடி, பண்ணை வீட்டுத் திசையில் புழுதி எழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாடுகளைத் திரட்டும் மாதங்களில் அந்தக் கதவுக்குப் பூட்டு விழும். நிலத்தில் பூர்வகுடிகளான இவர்களுக்கும் உரிமை உண்டென்று நீதிமன்றம் சொன்ன பிறகு பண்ணையோடு ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டிருந்தது. அதன்படி வேட்டையாடலாம், கூடாரம் போடலாம், இறந்தவர்களைப் புதைக்கலாம். ஆனால் திரட்டுக் காலத்தில் மேனேஜர் சம்மதித்தால்தான் உள்ளே போக முடியும். முன்பிருந்த மேனேஜராக இருந்தால் திரட்டு முடியட்டும் என்றிருப்பார். சென்ற மழைக்குப் பின் தெற்கேயிருந்து வந்த ஹேமிஷோ, மேவிஸ் தொலைபேசியில் கேட்டதுமே சரி என்றான்; குழி தோண்ட இயந்திரமும் தருவதாகச் சொன்னான். சிறுநீரகம் பழுதாகி நகரத்தில் கிடந்த காலமெல்லாம் அண்ணன் கேட்டது ஒன்றைத்தான்: பிறந்த மடுவின் கரையில் தன்னைப் புதைக்க வேண்டும்.

கதவுக்கு மேலே புதிதாக ஓர் இரும்பு வளைவு நின்றது. அதன் நடுப்பகுதியைச் சாக்கால் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள்.

"அண்ணி, மேல என்ன மூட்டை? மேனேஜர் நமக்குக் கறி கட்டித் தொங்கவிட்டிருக்கானா?" என்றான் மேவிஸின் கொழுந்தன். அவனுக்கும் இறந்தவருக்கும் ஒரே பெயர். அதனால் சாவு நடந்த அன்றிலிருந்து அவனை எல்லாரும் குமஞ்சாய் என்றே அழைத்தார்கள். பெயரைச் சொல்லக் கூடாதவர்களுக்கு உரிய சொல் அது.

"உனக்கு எந்நேரமும் கறி நெனப்புதான். சும்மா இரு, வண்டிக்குள்ளேருந்து பெரியம்மா பாக்குறாங்க."

புழுதி எழுந்தது. ஹேமிஷ் வெளுத்த சட்டையும் சீவிய தலையுமாக வந்து இறங்கினான். பூட்டைத் திறந்து கதவை அகலத் தள்ளினான்.

"மேவிஸ், உங்க எல்லாருக்கும் ஒண்ணு செஞ்சு வச்சிருக்கேன்" என்று கயிற்றை இழுத்தான்.

சாக்கு விழுந்தது. தடித்த இரும்புத் தகட்டில் வெட்டி, வளைவில் பற்றவைத்திருந்த அண்ணனின் பெயர் வானத்தின் குறுக்கே நின்றது. மேவிஸ் சட்டென்று கண்ணைத் தாழ்த்தினாள். கீழேயும் அதுவே இருந்தது: சிவந்த மண்பாதையின் குறுக்கே எழுத்தெழுத்தாக நிழல் விழுந்திருந்தது. பெண்கள் முக்காட்டை முகத்தில் இழுத்துக்கொண்டு ஓலமிட்டார்கள். முதல் வண்டியின் ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டான்.

ஹேமிஷின் சிரிப்பு மெல்ல வற்றியது. இவன் மனம் நொந்து திரும்பிப் போய்விட்டால் அண்ணனை எங்கே கொண்டுபோவது? மேவிஸ் அவனருகே போனாள்.

"தம்பி, உங்களுக்கு ரொம்ப நல்ல மனசு. அண்ணனுக்கு இப்படி யாரும் செஞ்சதில்ல. ஆனா அந்தப் பேரை நாங்க இப்பப் பாக்கக் கூடாது. சொல்லவோ கேக்கவோ கூடாது. கூப்புடுறோம்னு அவரு திரும்பி வந்துருவாரு. போகவேண்டிய எடத்துக்குப் போக மாட்டாரு."

"எத்தனை நாளைக்கு?"

"பெரியவங்க போதும்னு சொல்ற வரைக்கும். ரெண்டு மழை, மூணு மழை ஆகும்."

ஹேமிஷின் கழுத்து சிவந்தது. "எந்த மாட்டுப் பட்டிக்குப் போனாலும் யாரு கட்டுனதுன்னு கேட்டா, எல்லாரும் சொல்றது அந்த..." மேவிஸ் கையை உயர்த்தினாள். அவன் பெயரை விழுங்கினான். "மன்னிச்சுக்கங்க. எனக்குத் தெரியாமப் போச்சு. இப்பவே போய் மெஷினைக் கொண்டுவந்து அறுத்துடறேன்."

"அறுக்க வேணாம் தம்பி. பின்னால ஒருநாள் நாங்களே ஆசையாப் பாப்போம். இப்ப அந்தச் சாக்கை மாட்டுங்க, போதும்."

அவன் தன் வண்டியை வளைவுக்கு அடியில் நிறுத்திக் கூரைமேல் ஏறினான்.

"பாஸ், நல்லா இறுக்கிக் கட்டுங்க" என்றான் குமஞ்சாய். "அது என் பேரும்தான். காத்துல அவுந்துச்சுன்னா மச்சான் தனியாப் போக மாட்டாரு, என்னையும் சேத்து இழுத்துக்குவாரு."

அழுதுகொண்டிருந்த பெரியம்மா முக்காட்டுக்குள் சிரித்துவிட்டாள். பாதையில் கிடந்த எழுத்துகளின் மேல் சாக்கின் நிழல் பரவியது. எஞ்சின்கள் உறுமின.

மடுவின் கரையில் குழி ஏற்கெனவே ஆழமாக வெட்டப்பட்டிருந்தது. மேவிஸ் நீரோரம் நின்று, அங்கே உறையும் முன்னோர்களைத் தன் மொழியில் உரக்க அழைத்து, வந்திருப்பவர் யாரென்று பெயரைச் சொல்லாமலே சொன்னாள். பிறகு மடுநீரை வாயில் எடுத்து ஹேமிஷின் தலையில் தெளித்தாள். "இவன் புதுசு. நல்ல பையன். நமக்குக் கதவைத் தெறந்துவிட்டான். இவனுக்கு ஒரு கெடுதலும் வரக் கூடாது" என்றாள். அவன் தொப்பியை மார்போடு பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான்.

பொழுது சாயும்போது வண்டிகள் வெளியே வந்தன. ஹேமிஷ் கதவை இழுத்து மூடினான். அதன் கம்பங்களை இளவயதில் அண்ணன்தான் கடப்பாரையால் பாறை உடைத்து நட்டார். அதற்குக் கிடைத்த கூலி மாவு, தேயிலை, சர்க்கரை, புகையிலை.

"எப்ப வரணும்னாலும் கொஞ்சம் முன்னாடி ஒரு போன் பண்ணுங்க" என்றான் ஹேமிஷ். "தடுக்க மாட்டேன்."

"பண்றோம் தம்பி. இந்த உதவியை உசுரு இருக்குற வரைக்கும் மறக்க மாட்டேன்." அவள் கண் நிறைந்திருந்தது.

சங்கிலி கனமாக இருந்தது. உள்ளே நின்று அவன் ஒரு கையால் அதைத் தாங்கிக்கொண்டு மறு கையால் பூட்டோடு தடுமாறினான். வெளியே நின்ற மேவிஸ் கம்பிகளுக்கிடையே கைவிட்டு, பூட்டு விழும்வரை அவனுக்காகச் சங்கிலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.