பதினோரு நாள் முகம்

"இந்தக் குழாய், பிளாஸ்திரி எல்லாத்தையும் எடுத்துடுங்கக்கா. குழந்தை மட்டும் போதும்" என்று பெயிண்டர் போனை நீட்டினான். அவன் மனைவி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஸ்டுடியோக்காரி படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பெரிதாக்கினாள். ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கையளவு முகம். மூக்கில் குழாய், அது நழுவாமலிருக்க மேலுதட்டை மூடி ஒரு வெள்ளைப் பிளாஸ்திரி. பதினோரு நாள்தான் இருந்தாளாம். இருப்பது இந்த ஒரே படம்.

இருபது வருஷமாகப் படங்களுக்குக் குறை தீர்க்கிறவள் ஸ்டுடியோக்காரி. பருவோ, வழுக்கையோ, பின்னால் வந்து நிற்கும் ஆகாத மாமனோ, சுற்றிலும் கோடு இழுத்து ஒரு பட்டனைத் தட்டினால் போதும். பக்கத்தில் இருப்பதை அள்ளிக் கம்ப்யூட்டரே அந்த இடத்தை நிரப்பிவிடும். இன்றும் தட்டினாள். குழாய் போயிற்று, பிளாஸ்திரி போயிற்று. கன்னத்துத் தோல் மூக்குக்குக் கீழே வழவழவென்று இறங்கியது. மேலுதட்டைக் காணோம்.

"அடியில என்ன இருந்துதுன்னு இதுக்குத் தெரியாதும்மா" என்றாள், தான் செய்த குற்றம் போல. "வேற குழந்தையோட உதட்டை எடுத்து வைக்கட்டுமா?"

"வேண்டாங்கக்கா. என்னுதை எடுத்துக்குங்க" என்றாள் மனைவி.

"அதான் சரி. என் வாய வச்சா வர்ற மாப்பிள்ளை ஓடியே போயிடுவான்" என்றான் பெயிண்டர். சிரிக்கத் தொடங்கிய மனைவி பாதியில் நிறுத்திக்கொண்டாள். அவனுக்கும் அப்போதுதான் உறைத்தது.

அவளை விளக்கடியில் உட்காரவைத்து, உதட்டைப் படமெடுத்து, சுருக்கிப் பொருத்தினாள் ஸ்டுடியோக்காரி. முகம் நிறைந்தது. பால் குடித்துத் தூங்குகிற பிள்ளை.

"உன்னையே உரிச்சு வச்சிருக்குடி" என்றான் பெயிண்டர். "இதை மாட்டலாம். வர்றவங்க போறவங்க பாத்துட்டு முகத்தைத் திருப்பிக்க மாட்டாங்க."

அவள் வெகுநேரம் பார்த்தாள். "அழகாத்தான் இருக்கா. உங்க விரல் எங்கங்க?"

"என் விரலா?"

"பெட்டி ஓட்டைக்குள்ள கைய விட்டு, குழாய் அவளை இழுக்காம தாங்கிக்கிட்டு நின்னீங்களே. நர்ஸ் திட்டியும் எடுக்கலியே. நான்தானே போட்டோ எடுத்தேன். அதுக்கு மேல அவகிட்ட போக உங்களை எங்க விட்டாங்க?"

ஸ்டுடியோக்காரிக்குச் சுருக்கென்றது. குழாயோரம் மங்கலாக நீலமாய் எதுவோ தெரிந்தது உண்மைதான். கறையென்று நினைத்து அதையும் சேர்த்தே வளைத்துவிட்டிருந்தாள். செய்த திருத்தங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே பின்னால் போனாள். உதடு மறைந்தது. வழவழப்பு மறைந்தது. பிளாஸ்திரி வந்தது, குழாய் வந்தது, படத்தின் ஓரத்தில் அதைத் தாங்கியபடி ஒரு விரல் நுனி வந்தது. எத்தனை தரம் கழுவியும் போகாத நீலப் பெயிண்ட் நகக்கண்ணில்.

"விரலை மட்டும் வச்சுக்கலாமாக்கா? குழாய் வேண்டாம்."

"வச்சுக்கலாம் தம்பி. ஆனா, வெறும் விரல் அந்தரத்துல நிக்கும்."

திருத்தியது, திருத்தாதது, இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "எதைப் பிரிண்ட் போடட்டும்?"

மனைவி அவனைப் பார்த்தாள். அவன் கை தானாக எழுந்தது. இன்றைக்கு நகக்கண்ணில் மஞ்சள். திரையைத் தொடாமல், ஒரு சாண் தள்ளி, குழாய்க்கு நேராக அந்த விரல் லேசாக வளைந்து அப்படியே நின்றது.