டீ சாப்பாட்டில் சேர்த்தி இல்லை

கிடங்கில் எங்கள் கூட்டத்துக்கு ஒரு கணக்கு உண்டு. பல்லில் ஒட்டாத எதுவும் சாப்பாடு இல்லை. கெட்டிப் பால் டீ சாப்பாட்டில் சேர்த்தி இல்லை. அதில் முக்கித் தின்கிற வெண்ணெய் பிஸ்கட் கரைந்துவிடுவதால் அதுவும் இல்லை. அதனால்தான் ஸ்கேன் எடுக்கிற அம்மா, "வெறும் வயித்தோடதான வந்தீங்க?" என்று கேட்டபோது ஆமாம் என்று தலையாட்டினேன்.

எனக்கு வலிக்கிற வலது விலாவுக்குக் கீழே பசையைத் தடவி, கருவியை அழுத்தி அழுத்தித் தேடினார். முகம் சுருங்கியது.

"பித்தப்பை இப்ப ரொம்பி இருக்கணும். உங்களுக்குச் சுருங்கிக் கெடக்கே. கெட்டுப்போன பையின்னா ஆபரேஷன் பண்ணச் சொல்லுவாங்க."

கத்தி வைத்தால் மாதக்கணக்கில் மூட்டை தூக்க முடியாது. மேஸ்திரி என் இடத்துக்கு இப்போதே ஒருத்தனைப் பார்த்து வைத்திருக்கிறார். படுத்த இடத்திலிருந்து எழப் பார்த்தேன்.

வாசலில் நின்ற என் மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, காலையில உங்க கூட மூட்டை தூக்குற மொட்டை வாங்கிக் குடுத்த டீயும் பிஸ்கட்டும்? சொன்னீங்களா?"

"டீ தானேடி."

அந்தம்மா கருவியை எடுத்துவிட்டார். "பால் ஊத்தின டீயா?"

"பால் கம்மியா இருந்தா மொட்டை கடைக்காரன் சட்டையப் புடிப்பான்மா."

"சரியாப் போச்சு! பால்லயும் வெண்ணெய்லயும் கொழுப்பு இருக்கு. அது சிறுகுடலுக்கு எறங்கினதும் குடல் ஒரு ஹார்மோன ரத்தத்துல விடும். அது வந்தாத்தான் பித்தப்பை சுருங்கும், பித்தம் வெளிய போற வாயும் தளரும். கோலிசிஸ்டோகைனின்னு பேரு."

"அந்தப் பேரச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பை காலியாயிடும் போல" என்றாள் மனைவி.

எனக்குப் புரிந்துவிட்டது. மேஸ்திரி விசில் ஊதினால் நாங்கள் லாரியில் ஏறி மூட்டை இறக்குவோமே, அதேதான். நான் இங்கே வந்து படுப்பதற்குள் என் வயிற்றில் லோடு இறக்கி முடித்துவிட்டார்கள்.

மறுநாள் வெறும் வயிற்றோடு மறுபடி வரச் சொன்னார் அந்தம்மா. விடிந்ததும் மொட்டை டீயை நீட்டினான். "ரெண்டு வாய்டா, யாருக்குத் தெரியப் போவுது?"

"பித்தப்பைக்குத் தெரியும், போடா."

அன்றைக்கு ஸ்கேனில் பை ரொம்பியிருந்தது. ஆடை மிதக்கும் பாலைக் குடிக்கக் கொடுத்து வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். உட்கார்ந்தேன், எழுந்தேன், சன்னலுக்குப் போனேன், திரும்பினேன்.

"ஒரு எடத்துல உக்காருங்க. உங்களப் பாத்து எனக்குக் கால் வலிக்குது" என்றாள் மனைவி.

மறுபடி கூப்பிட்டார்கள். அந்தம்மா திரையைக் காட்டினார். "பாதிக்கு மேல காலி. கல்லும் இல்ல. பை ஒழுங்கா வேலை செய்யுது."

"ஆபரேஷன்?"

"இதுக்கு எதுக்குங்க?"

மனைவி கும்பிட்டாள். எனக்கு மட்டும் வாய் சும்மா இருக்கவில்லை. "அப்போ வலிக்கிறது எது?"

"அத டாக்டர்தான் தேடணும்."

கிடங்குக்குத் திரும்பினேன். என் இடத்தில் யாரும் இல்லை. விசில் ஊதியது, முதுகைக் கொடுத்தேன். மூட்டை ஏறியதும் வலது விலாவுக்குக் கீழே எதுவோ சுருக்கென்று இழுத்தது. இழுத்தது பித்தப்பை இல்லை, அது தெரியும். நின்றால் மேஸ்திரி கண்ணில் படும் என்று, அதை இறக்கிப் போட்டுவிட்டு, மொட்டையை முந்திக்கொண்டு அடுத்த மூட்டைக்கு ஓடினேன்.