மூன்று வீட்டுப் பட்டு

பட்டுச் சேலையில் கறையைப் பார்த்ததும் நல்லம்மாள் முதலில் கதவைச் சாத்தினாள். பிறகு சவுக்காரம் போட்டாள். அதுதான் தப்பு. உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளாக இருந்தது, சவுக்காரம் பட்டதும் வெற்றிலை எச்சில் மாதிரிச் சிவந்துவிட்டது.

விடிந்தால் தம்பி குமாரசாமிக்குக் கல்யாணம். அவனுக்கு உடன்பிறந்தவள் அவள் ஒருத்திதான். தாலி கட்டுவதற்கு முன் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவன் சகோதரியை நிறுத்திச் செய்கிற இணைச்சீரில் அவள்தான் நிற்க வேண்டும். ஊர் மாப்பிள்ளையைப் பார்க்காது. இணைச்சீர்க்காரி என்ன கட்டியிருக்கிறாள் என்றுதான் பார்க்கும். பெண் வீட்டார் திருச்செங்கோட்டுப் பக்கம், தோட்டம் துரவு உள்ளவர்கள். அவர்கள் முன்னால் நூல் சேலையோடு நிற்பதை நினைத்தாலே உடம்பு கூசியது.

அந்தப் பட்டு அவளுடையதுதான். மூன்றில் ஒரு பங்கு.

அதை வாங்கியது பருத்தி விலை விழுந்த வருஷம். பட்டு என்ற பேச்சை எடுத்தாலே ஆண்கள் எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விடுவார்கள். அடுத்தடுத்த தோட்டத்துக்காரிகளான நல்லம்மாள், தெய்வநாயகி, குப்பாயி மூவரும் சிறுவாட்டைச் சேர்த்தார்கள். நல்லம்மாளுக்கு வெண்ணெய், குப்பாயிக்குக் கோழி, தெய்வநாயகிக்கு வேலியோரத்து ஆமணக்கு. சேர்ந்ததும் அம்மாபேட்டைக்கு வண்டி கட்டிப் போய், மாரியப்பன் என்ற நெசவுக்காரரிடம் சொல்லி நெய்து வாங்கினார்கள். வெங்காயத்தோல் நிறம், அரக்குக் கரை, பின்கொசுவம் வைத்துக் கட்டத் தாராளமான நீளம்.

வாங்கியது பெரிதல்ல, காப்பாற்றியதுதான் பெரிது. பூந்திக்கொட்டைத் தண்ணீர் தவிர வேறெதிலும் நனைக்கக் கூடாது. நிழலில்தான் உலர்த்த வேண்டும். அமாவாசைக்கு அமாவாசை பிரித்து மடிப்பை மாற்ற வேண்டும், ஒரே மடிப்பில் கிடந்தால் பட்டு அந்த வரியிலேயே கீறிக்கொள்ளும். பூச்சி அண்டாமல் வசம்பு வைத்து வெள்ளை வேட்டியில் சுற்ற வேண்டும். கட்டியிருக்கும்போது பிள்ளையைத் தூக்கக் கூடாது, யார் பிள்ளையானாலும். கறை பண்ணியவளுக்கு அடுத்த முறை கிடையாது. சட்டம் எல்லாம் மூத்தவளான தெய்வநாயகி போட்டது.

வசம்பு வாடை போகட்டும் என்று நல்லம்மாள் அதை முந்தின நாள் அலசினாள். நிழலில் போட்டாள். தூறல் வந்தது. ஈரம் முழுதும் போகுமுன் எடுத்துவிட்டாள். வீட்டு வேட்டிகளெல்லாம் செம்மண் பழுப்பு. பட்டுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? கல்யாணத்துக்கு எடுத்த புது வேட்டியில் சுற்றிவைத்தாள். புதுத்துணி என்றால் மூலையில் மஞ்சள் தடவாமல் இருப்பார்களா? அவளே, தன் கையால், தாராளமாகத் தடவிய மஞ்சள்.

கதவு தட்டப்பட்டது. பட்டு ஊர் தாண்டுமுன் மூவரும் பாயில் விரித்துப் பார்த்துத்தான் அனுப்புவது வழக்கம்.

"பட்டப்பகல்ல எதுக்கு புள்ள கதவச் சாத்தி வெச்சிருக்கற? உள்ள கன்னுக்குட்டி கட்டியிருக்கறயா?" என்றபடி தெய்வநாயகி வந்தாள். பின்னால் குப்பாயி. அவள்தான் முதலில் பார்த்தாள்.

"ஐயோ, ரத்தம்!"

"ரத்தமில்ல, மஞ்சளு," என்றாள் நல்லம்மாள். "சவுக்காரம் போட்டுப்போட்டேன்."

"சவுக்காரமா!" தெய்வநாயகி பாயில் உட்கார்ந்துவிட்டாள். "பட்டுனு நெனச்சயா, உன்ற ஊட்டுக்காரரு கோவணம்னு நெனச்சயா?"

நல்லம்மாள் சவுக்காரக் கட்டியைக் காலால் பின்னால் தள்ளினாள்.

"சட்டம் தெரியுமில்ல?"

"தெரியுமுங்கக்கா."

அவளே எழுந்து பெட்டியைத் திறந்தாள். சுங்கடி நூல் சேலை ஒன்று மேலே கிடந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மூக்கை உறிஞ்சினாள்.

குப்பாயி தாடையைச் சொறிந்தாள். "ஏனுங்கக்கா, அடுத்த மொறை கெடையாதுன்னுதான சொன்னீங்க? இது இந்த மொறைங்க."

தெய்வநாயகி தன் சட்டங்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். தன் சட்டத்தில் இப்படி ஒரு பொத்தல் இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

"செரி, கட்டட்டும்," என்றாள் கடைசியில். "ஆனா இந்தக் கோலத்துல என்ற பட்டு திருச்செங்கோட்டுக்காரிக கண்ணுல படக் கூடாது. பொழுது எறங்கறதுக்குள்ள கறை போகோணும். போகலீன்னா நீ சுங்கடிதான்."

எலுமிச்சம்பழத்தைத் தண்ணீரில் பிழிந்து ஒற்றினார்கள். சிவப்பு மறைந்தது. மஞ்சள் திரும்பி வந்தது.

"அப்பாடா, பொறப்பட்ட எடத்துக்கே வந்து சேந்துட்டோம்," என்றாள் குப்பாயி. "இனி வெயில்தானுங்கக்கா."

"பட்ட வெயில்ல போடறதா? உனக்கென்ன கிறுக்கா?"

"மஞ்சப் பூசிக்கிட்டுக் களையெடுக்கப் போறோமில்ல? மத்தியானத்துக்குள்ள மூஞ்சி வெளுத்துப்போவுது. அது மஞ்சள்னா இதும் மஞ்சள்தான?"

தெய்வநாயகிக்கு மனசு வரவில்லை. நல்லம்மாள் முகத்தைப் பார்த்தாள். மடியிலிருந்த சுங்கடியைப் பார்த்தாள். "கறை இருக்கற எடம் மட்டும்," என்றாள். "மத்ததுல ஒரு பொட்டு வெயில் பட்டுது, உங்க ரெண்டு பேரையும் சும்மா விடமாட்டேன்."

களத்தில் ஒரு கூடையைக் கவிழ்த்தார்கள். கறைபட்ட இடத்தை அதன் முதுகில் விரித்தார்கள். மீதிப் பட்டைச் சுருட்டித் தெய்வநாயகி மடியில் வைத்துக்கொண்டாள், அவள் தலைக்கு மேல் குப்பாயி கம்பளியைப் பிடித்தாள். கறை காயக் காய நல்லம்மாள் தண்ணீர் தெளித்தாள். வெயில் நகர நகரக் கூடை நகர்ந்தது, கூடவே மூவரும் நகர்ந்தார்கள்.

நல்லம்மாளின் புருஷன் நாச்சிமுத்து கலப்பையோடு அந்தப் பக்கம் வந்தான். நின்றான். "கூடைக்குள்ள என்ன, கோழிக்குஞ்சா?"

"நாகப்பாம்பு," என்றாள் தெய்வநாயகி. "தொறந்து பாக்கறீங்களா?"

அவன் போய்விட்டான்.

பொழுது சாயும்போது மஞ்சள் ஒரு மங்கலான தடமாகத் தேய்ந்திருந்தது. அந்த இடத்துப் பட்டு மற்றதைவிட ஒரு பிடி வெளுத்தும் இருந்தது. தெய்வநாயகி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். "கொசுவத்துக்குள்ள போட்டுட்டா எவளுக்குந் தெரியாது," என்றாள். நல்லம்மாள் சுங்கடியைப் பெட்டிக்குள் எறிந்தாள்.

மறுநாள் கொசுவத்தைத் தெய்வநாயகியே வைத்துவிட்டாள். பந்தலில் சீர்களை நடத்திவைக்கும் அருமைக்காரர் கூப்பிட, நல்லம்மாள் தம்பி பக்கத்தில் போய் நின்றாள். மடித்த கூறைச் சேலையை இருவருக்கும் நடுவில் பிடித்துக்கொள்ளச் சொன்னார். குமாரசாமி உதடு அசையாமல் நேராகப் பார்த்தபடி, "அக்கா, ராணி மாதிரி இருக்கற," என்றான். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பின்னால் பட்டின் மற்ற இரண்டு பங்காளிகளும் மாப்பிள்ளையைப் பார்க்கவேயில்லை. கொசுவத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சீர் முடிந்து அவள் ஓரமாக வந்ததும் பெண்ணின் அத்தை சௌந்திரம் நேராக அவளிடம் வந்தாள். மயில்கழுத்துப் பட்டு, கழுத்து நிறையச் சரடு. பங்காளிகள் கண் வைத்திருந்த பின்பக்கம் குனிந்து, கொசுவத்தில் ஒரு மடிப்பை விலக்கினாள்.

நல்லம்மாள் மடிப்பைச் சேர்த்துப் பிடிக்கப் போனாள்.

"மஞ்சளாக்கும்," என்றாள் சௌந்திரம். "வெயில்ல போட்டீங்களாக்கும்."

"ஆமாங்க." இனி மறைத்து என்ன? "இது என்ற சேலை மட்டுமில்லீங்க. எங்க மூணு பேருது."

சௌந்திரம் சுற்றுமுற்றும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "மூணு பேருதானுங்களா? குடுத்து வெச்சவங்க. இது எங்க அஞ்சு பேருது." முந்தானையின் உட்பக்கத்தைப் புரட்டிக் காட்டினாள். அங்கேயும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெளுப்பு. "என்ற ஓரகத்தி வேல. எலுமிச்சம்பழத்தோட எளநீயுஞ் சேத்திருந்தா இத்தன வெளுத்திருக்காதுங்க."

"எளநீயா?" எங்கிருந்தோ வந்து சேர்ந்தாள் தெய்வநாயகி. "எளநீ பட்டா பட்டு வெறைச்சுக்குமுங்க."

"ஆரு சொன்னா? எங்கூர்ல அப்படித்தான்."

"உங்கூர்ல வசம்பு வெப்பீங்களா, வெட்டிவேரா?"

"ரெண்டும்."

"ரெண்டுமா!" என்றாள் குப்பாயி. நாலு தலைகளும் மயில்கழுத்து முந்தானை மேல் குனிந்தன.

மணவறையில் தாலித் தட்டு வந்துவிட்டது. நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். தாலிக்கு முடிச்சுப் போட மாப்பிள்ளையின் அக்கா பக்கத்தில் நிற்க வேண்டும். அருமைக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டும் பதில் இல்லை. மூன்றாவது தடவை பந்தல் முழுக்கக் கேட்கக் கத்தினார்:

"எங்கப்பா இணைச்சீர்க்காரி? மாப்பிள்ளை தனியா நிக்கறாரு!"